என் சைட்டைப் பிரித்துக் கட்டிய அனுபவம்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு டிசைன் வேலையும் சின்னச் சின்ன வெப்சைட் வேலையும் எடுத்துச் செய்கிறவன் நான். அப்பள பாக்கெட், அல்வா டப்பா, கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட ஆண்டு மலர், அரிசி மூட்டைக்கு முத்திரை என்று வருவதெல்லாம் செய்வேன். என் சொந்த போர்ட்ஃபோலியோ சைட் பல வருஷமாக வேர்ட்பிரஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அதைப் பிரித்து, பைத்தான் மொழியில் சைட் கட்ட உதவுகிற ஜாங்கோவில் திரும்பக் கட்டி முடித்தாயிற்று. இதே யோசனையில் இருக்கிற ஃப்ரீலான்சர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

சைட் மெதுவாக இருக்கிறது என்பதற்காக நான் இதில் இறங்கவில்லை. மெதுவாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு கேஷ் ப்ளக்இன் போட்டால் அது ஓரளவு சரியாகிவிடும். என் பிரச்சினை வேறு: புது வேலை எதுவும் சைட்டில் ஏறவே இல்லை. ஒன்றை ஏற்றணும் என்றால் லேப்டாப்பைத் திறந்து, படங்களை ஒவ்வொன்றாகச் சின்னதாக்கி, பேஜ் பில்டரில் பழைய பக்கத்தை நகல் எடுத்து, கட்டங்களை அங்கே இங்கே தள்ளி, மொபைலில் எப்படித் தெரிகிறது என்று பார்த்து, அப்புறம் அங்கே ஏதாவது உடைந்திருந்தால் அதைச் சரிபண்ணி... நாள் முழுக்க அடுத்தவர் வேலையைச் செய்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு இதை யார் செய்வது? சைட் பழசாகிப் போனதற்குக் காரணம் இவ்வளவுதான். அதனால் புது பேக்கெண்டுக்கு, அதாவது சைட்டுக்குப் பின்னால் ஓடுகிற அமைப்புக்கு, நான் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. அம்பாசமுத்திரத்தில் ரயில் ஏறி சேரன்மகாதேவி வருவதற்குள், போனிலேயே ஒரு வேலையை ஏற்றி முடிக்க முடியணும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

கோட் எழுத உட்காருவதற்கு முன்னால் வாட்ஸ்அப்பைத் திறந்து பழைய விசாரிப்புகளை எல்லாம் மேலிருந்து கீழே படித்தேன். இந்த மொத்த வேலையில் அதிக பலன் கொடுத்தது இதுதான், இதற்கு ஒரு வரி கோட்கூடத் தேவையில்லை. ஆட்கள் என்ன கேட்கிறார்கள் என்று எழுதிக்கொண்டே வந்தால் அதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கம்பெனி வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சி, சைட் லிங்க்கை அனுப்பியதும் போன் பண்ணினார். “தம்பி, கவரு செஞ்சது மட்டும் அனுப்புங்க. கல்யாணப் பத்திரிகை எல்லாம் எனக்கு எதுக்கு? நம்ம பக்கம் யாருக்குச் செஞ்சிருக்கீங்க, அதச் சொல்லுங்க மொதல்ல.” என்ன தொழிலுக்குச் செய்தது, எந்த ஊருக்குச் செய்தது, முழுசும் நீங்களே செய்ததா, எவ்வளவு ஆகும். இந்த நான்கில்தான் எல்லா விசாரிப்பும் அடங்குகிறது. எந்த சாஃப்ட்வேரில் செய்தீர்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. பழைய சைட்டிலோ ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் என்று சதவீதப் பட்டைகள் போட்டு ஒரு பக்கமே இருந்தது.

டேட்டாபேஸ் அமைப்பு இந்தக் கேள்விகளிலிருந்து தானாகவே வந்துவிட்டது. வேர்ட்பிரஸ்ஸில் எல்லாமே அடிப்படையில் ஒரு போஸ்ட். தொழில், ஊர், வருஷம் எல்லாவற்றையும் கேட்டகரி, டேக், கஸ்டம் ஃபீல்டு என்று எதிலாவது ஒட்டவைக்கணும். இங்கே ‘வேலை’ என்று ஒரு மாடல், அதாவது டேட்டாபேஸில் அதற்கென்றே ஒரு டேபிள். அதில் தலைப்பு, வாடிக்கையாளர், ஊர், தொழில், வருஷம், என் பங்கு என்ன, இரண்டு வரி விவரம். படங்களுக்குத் தனி மாடல், வேலையோடு கோத்தது. ‘என் பங்கு’ என்ற ஃபீல்டு முக்கியம், ஏனென்றால் நம் வேலைகளில் பாதி கூட்டு வேலை. போட்டோ ஒருத்தர் எடுத்திருப்பார், லோகோ பத்து வருஷம் முன்னால் வேறு யாரோ போட்டது, நான் செய்தது கவரின் அமைப்பு மட்டும். அதை அப்படியே எழுதிவிட்டால் பிறகு சங்கடம் இல்லை, கேட்கிறவருக்கும் நம்மேல் நம்பிக்கை வருகிறது.

இதோடு வெளியே தெரியாத மூன்று ஃபீல்டுகள் சேர்த்தேன், இவற்றுக்காகவே சொந்த பேக்கெண்ட் வைத்துக்கொள்ளலாம் என்பேன். முதலாவது, என்ன வாங்கினேன் என்ற தொகை. அடுத்து இதே மாதிரி வேலை வரும்போது போன முறை எவ்வளவு சொன்னோம் என்று மெயிலைத் துழாவ வேண்டாம், அட்மினில், அதாவது சைட்டை நான் நிர்வகிக்கிற பக்கத்தில், தொழிலை வைத்து ஃபில்டர் போட்டால் வரிசையாக வந்துவிடும். இரண்டாவது, வெளியிட அனுமதி வாங்கியாயிற்றா என்ற டிக். அது இல்லாவிட்டால் பக்கம் வெளியே வரவே வராது என்று புரோகிராமிலேயே கட்டிவிட்டேன். கடைக்குப் புது பாக்கெட் வருவதற்கு முன்னால் அதன் படம் என் சைட்டில் வந்துவிட்டால் அண்ணாச்சிமார் சும்மா விடமாட்டார்கள். மூன்றாவது, மூலக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற ஒரு வரி.

அந்த மூன்றாவதற்கு ஒரு காரணம் உண்டு. திருநெல்வேலியை மூழ்கடித்த 2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவரின் ஸ்டூடியோ தரைத்தளத்தில் இருந்தது. சிஸ்டமும், பேக்கப் என்று வைத்திருந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே மேஜையில். தண்ணீர் வடிந்த பிறகு அவருக்குத் திரும்பக் கிடைத்தது மெயிலில் யார் யாருக்கோ எப்போதோ அனுப்பிவைத்த ஃபைல்கள்தான். அவர் டிஸ்க்கைக் காயவைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததிலிருந்து எந்த ஃபைல் எங்கே என்று எழுதிவைக்காமல் நான் வேலையை முடிப்பதில்லை.

சரி, ஏன் ஜாங்கோ? எனக்குப் பைத்தான் தெரியும் என்பது பாதிக் காரணம். மீதி அதன் அட்மின். மாடலை எழுதினால் ஃபார்ம் தானாக வந்துவிடுகிறது, 2017-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து அது மொபைல் திரைக்கும் அடங்குகிறது. நான் எடுத்தது 5.2, அது நீண்ட கால ஆதரவு உள்ள பதிப்பு, 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு. சொந்த சைட்டை வருஷா வருஷம் மேம்படுத்திக்கொண்டிருக்க நேரமில்லாதவர்கள் இப்படிப் பதிப்பு பார்த்து எடுப்பது நல்லது. உங்களுக்கு பிஹெச்பி மொழிக்கான லாரவெல் தெரியும் என்றால் லாரவெல்லிலேயே செய்யுங்கள், இதற்காகப் புது மொழி கற்றுக்கொள்ள வேண்டாம். வருஷத்துக்கு ஓரிரண்டு வேலைதான் ஏற்றுவேன் என்கிறவருக்கு பேக்கெண்டே வேண்டாம், டேட்டாபேஸ் இல்லாமல் வெறும் பக்கங்களாக இருக்கிற ஸ்டேட்டிக் சைட் போதும். எனக்கு அது ஒத்துவராது, ரயிலில் இருந்து ஃபைலைத் திருத்தி கிட் கமிட் பண்ணுகிற அளவுக்குப் பொறுமை கிடையாது.

டேட்டாபேஸுக்கு எஸ்க்யூலைட், எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைக்கிற சின்ன டேட்டாபேஸ். இதைச் சொன்னதும் டெவலப்பர் நண்பர்கள் முகத்தைச் சுளித்தார்கள், தனி சர்வராக ஓடுகிற போஸ்ட்கிரெஸ் போடலாமே என்று. எழுதுகிறவன் நான் ஒருத்தன், படிக்கிறவர்கள் ஒரு நாளில் சில பேர். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் ஹிட்டுக்குக் கீழே உள்ள சைட்டுக்கு எஸ்க்யூலைட் போதும் என்று அதைச் செய்தவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள், அவர்கள் சைட்டும் அதில்தான் ஓடுகிறது. ஒரே ஃபைல் என்பதால் தூக்கிக்கொண்டு போவதும் சுலபம். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஒரே ஃபைல்தானே என்று சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது சாதாரணமாக காப்பி அடிக்காதீர்கள், நடுவில் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் அரைகுறை நகல்தான் கிடைக்கும். அதற்கென்றே இருக்கிற பேக்கப் கட்டளையைக் கொடுத்து எடுங்கள். என் சர்வரில் தினமும் ராத்திரி அது ஓடி, டேட்டாபேஸும் படங்களும் வேறொரு நிறுவனத்தின் சேமிப்பு இடத்துக்குப் போய்விடும். அவ்வப்போது அந்த நகலை லேப்டாப்பில் இறக்கி சைட் அதிலிருந்து எழும்புகிறதா என்று பார்த்துவிடுவேன். எடுத்துவைத்ததை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி இருக்கக்கூடாது.

படங்களைப் பழைய சைட்டிலிருந்து கொண்டுவருவது நினைத்ததைவிட அதிக நேரம் எடுத்தது. வேர்ட்பிரஸ் ஒரு படத்தை ஏற்றினால் 150, 300, 768, 1024 என்று பல அளவில் நகல் எடுத்து அப்லோட்ஸ் ஃபோல்டரில் போட்டுவைக்கும். 2019-இல் வந்த 5.3-இலிருந்து 2560 பிக்சலுக்குப் பெரிய படத்துக்கு ஸ்கேல்டு என்று இன்னொரு நகலும் உண்டு. ஃபோல்டரை அப்படியே அள்ளிக்கொண்டு வந்தால் ஒரே படம் ஏழெட்டு தடவை வரும். ஃபோல்டரில் உட்கார்ந்து பொறுக்காமல், டேட்டாபேஸில் அட்டாச்மென்ட் என்று பதிவாகியிருக்கிற வரிகளை எடுத்து அதிலிருந்து அசல் ஃபைலைத் தேடிப் போகும்படி ஒரு ஸ்க்ரிப்ட் எழுதுங்கள். பழைய எழுத்தை நான் கொண்டுவரவே இல்லை, ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு வரி புதிதாக எழுதினேன். பழைய விவரங்களில் ‘தரமான, நேர்த்தியான வடிவமைப்பு’ என்பதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. எழுத எதுவும் தோன்றாத வேலைகளை ஏற்றாமலே விட்டுவிட்டேன், சைட் பாதியாக இளைத்தது, நல்லதாகப் போயிற்று.

போனிலிருந்து ஏற்றும்போது மூன்று இடத்தில் இடிக்கும். ஜாங்கோவுக்கு முன்னால் நிற்கிற வெப்சர்வரான என்ஜின்எக்ஸ், இயல்பாக ஒரு எம்பிக்கு மேல் ஃபைல் வந்தால் ‘பெரிதாக இருக்கிறது’ என்ற பொருளில் 413 என்று திருப்பி அனுப்பிவிடும். போன் கேமரா படம் சாதாரணமாகவே நாலைந்து எம்பி இருக்கும், அதனால் அந்த வரம்பை முதலிலேயே உயர்த்திவிடுங்கள். இரண்டாவது, நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் சைட்டில் படுத்துக்கிடக்கும். கேமரா படத்துக்குள் எழுதிவைக்கிற எக்ஸிஃப் தகவலில் திசை இருக்கிறது, சின்னதாக்கும்போது அதைப் படித்துத் திருப்பிச் சேமிக்கணும், பைத்தானில் பில்லோ லைப்ரரியில் இதற்கு ஒரே ஒரு ஃபங்ஷன் போதும். மூன்றாவது, அதே எக்ஸிஃபில் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியும் இருக்கலாம். பத்திரிகையை மணப்பெண் வீட்டிலேயே வைத்துப் படம் எடுத்திருப்போம், அந்த வீடு எங்கே இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. வெளியே போகிற நகலில் அதை உதிர்த்துவிடுங்கள். ஐபோன்காரர்களுக்கு ஹெய்க் ஃபார்மட் என்று நாலாவது தலைவலியும் உண்டு, பில்லோ அதைத் தனியாகத் திறக்காது, கூட ஒரு துணை லைப்ரரி போடணும்.

தமிழில் தலைப்பு வைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படிக்கணும். பக்கத்தின் இணைய முகவரியில் தமிழ் வரும்போது, யூடிஎஃப்-8 என்கிற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்த்து மூன்று எழுத்தாக மாறும், ஆக ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறிகள். வேர்ட்பிரஸ்ஸில் ஸ்லக்குக்கு, அதாவது தலைப்பிலிருந்து உருவாகிற முகவரிப் பகுதிக்கு, இருக்கிற இடம் 200 எழுத்து. கல்லிடைக்குறிச்சி என்ற பெயரில் 17 குறிகள், அது ஒன்றே 153 எழுத்தைத் தின்றுவிடும். ‘கல்லிடைக்குறிச்சி அப்பளம் பாக்கெட்’ என்று தலைப்பு வைத்தால் முகவரி ‘கல்லிடைக்குறிச்சி-அப்பள’ என்பதோடு நின்றுவிடும், ‘ம்’ வைக்கக்கூட இடமிருக்காது. பழைய சைட்டில் பல முகவரிகள் இப்படித்தான் அரைகுறையாக நின்றன.

ஜாங்கோவுக்கு வந்தால் தீர்ந்துவிடும் என்று பார்த்தால் அங்கே வேறு கூத்து. யூனிகோடை அனுமதி என்று சொல்லி அதன் ஸ்லகிஃபை ஃபங்ஷனுக்கு அதே ஊர்ப்பெயரைக் கொடுத்தேன், ‘கலலடககறசச’ என்று வந்தது. அது எழுத்து எது, எழுத்தல்லாதது எது என்று பைத்தானில் எழுத்துகளைத் தேடிப் பொருத்துகிற ரெகுலர் எக்ஸ்பிரஷனைக் கேட்கிறது. பைத்தான் கணக்கில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் எழுத்து இல்லை, அத்தனையையும் துடைத்துவிடுகிறது. அதற்கென்று சொந்த ஃபங்ஷன் எழுதலாம், நான் எழுதவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண், பின்னால் ஆங்கில எழுத்தில் நானே அடிக்கிற ஒரு சின்னப் பெயர். பக்கத்தைத் தேடுவது எண்ணை வைத்துத்தான், பெயரைப் பின்னால் மாற்றினாலும் லிங்க் உடையாது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் முகவரி ஒரே வரியில் அடங்குகிறது. தமிழ் முகவரிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களை எனக்குப் பிடிக்கும், ஆனால் சதவீதக் குறிகளாக நாலு வரிக்கு ஓடுகிற லிங்க்கை அண்ணாச்சிக்கு அனுப்பிப் பாருங்கள், வைரஸ் என்று நினைத்துத் தொடவே மாட்டார்.

பழைய முகவரியைத் திறந்தால் தானாகப் புதியதற்குப் போகும்படி 301 ரீடைரக்ட் கட்டாயம் போடணும். ஜாங்கோவோடு வருகிற ரீடைரக்ட்ஸ் ஆப்பிலும் பழைய முகவரிக்கான இடம் 200 எழுத்துதான். போர்ட்ஃபோலியோ என்ற முன்பகுதியும் சேர்ந்தால் நம் தமிழ் முகவரி அதைத் தாண்டிவிடும். தவிர வேர்ட்பிரஸ் அந்த சதவீதக் குறிகளைச் சின்ன எழுத்தில் எழுதும், பைத்தான் பெரிய எழுத்தில் எழுதும், நேரடியாக ஒப்பிட்டால் பொருந்தாது. அதனால் நானே ஒரு சின்ன டேபிள் வைத்து, இரண்டு பக்கமும் குறிகளை விரித்துத் தமிழாக்கிவிட்டு ஒப்பிடும்படி செய்தேன். சைட் மாறிய பிறகு கொஞ்ச நாளைக்கு ‘பக்கம் இல்லை’ என்கிற 404 பதிவை தினமும் பாருங்கள், விட்டுப்போன முகவரிகள் தாமே வந்து நிற்கும். கூடவே வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைத் தேடி பாட் என்கிற தானியங்கி புரோகிராம்கள் வந்துகொண்டே இருக்கும், வீட்டைக் காலி பண்ணிப் போனவனைத் தேடி வருகிற கடன்காரன் மாதிரி. அவற்றுக்கு என்ஜின்எக்ஸில் 444 கொடுத்து இணைப்பைத் துண்டித்துவிட்டேன், ஜாங்கோ வரைக்கும் அவை போக வேண்டியதில்லை.

எனக்குக் காசு சம்பாதித்துக் கொடுத்தது என்று பார்த்தால் ‘திரட்டு’ என்று நான் பெயர் வைத்த ஒரு சின்ன வசதிதான். அட்மினில் சில வேலைகளை டிக் பண்ணி ஒரு திரட்டாகச் சேமித்தால், ஊகிக்க முடியாத நீளமான ஒரு லிங்க் கிடைக்கும், கூகுளில் அது வராது. அப்பளக்காரருக்கு கவர் வேலைகள் மட்டும், பள்ளிக்கூடத்துக்கு ஆண்டு மலர் மட்டும், பத்தமடையில் பாய் விற்கிறவருக்கு லேபிளும் பெட்டியும் என்று ஆளுக்கொரு லிங்க். முன்பு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எடுத்து அனுப்பிக்கொண்டிருப்பேன். ஒரு விஷயம் கவனியுங்கள்: வாட்ஸ்அப்பில் லிங்க்கோடு படமும் தெரியணும் என்றால் பக்கத்தின் தலைப்பையும் படத்தையும் சொல்கிற ஓபன் கிராஃப் டேக் அதில் இருக்கணும், படத்தின் முகவரி முழுசாக டொமைனோடு இருக்கணும், படம் கனமாக இருக்கக்கூடாது. படம் இல்லாத வெறும் லிங்க்கை நம் ஊரில் பாதிப் பேர் திறப்பதில்லை.

தொடர்பு ஃபார்மில் பெயர், போன், என்ன வேண்டும் என்று மூன்றே பெட்டி. வந்ததை முதலில் டேட்டாபேஸில் எழுதிவிட்டுத்தான் மெயில் அனுப்பும், ஏனென்றால் மெயில் எந்த வழியிலும் தொலையலாம், டேபிளில் இருக்கிற வரி தொலையாது. மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியும் உண்டு, அதை நிரப்புகிறது பாட் மட்டும்தான் என்பதால் அப்படி வருவதைத் தள்ளிவிடலாம். உண்மையைச் சொன்னால் ஃபார்மில் வருகிறவர்கள் குறைவு. ஒவ்வொரு வேலைக்குக் கீழேயும் ஒரு வாட்ஸ்அப் பட்டன் இருக்கிறது, அழுத்தினால் அந்த வேலையின் பெயரோடு செய்தி தயாராக நிற்கும், எதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார் என்று உடனே தெரிந்துவிடும். அந்த பட்டனின் லிங்க்கில் போன் எண்ணுக்கு முன்னால் 91 போடுங்கள், பிளஸ் குறி போடாதீர்கள்.

மாற்றுகிற அன்றைக்கு என்று பெரிய பதற்றம் இல்லை, டொமைன் பெயரை சர்வரோடு இணைக்கிற டிஎன்எஸ்ஸில், பழைய விவரத்தை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்கிற டிடிஎல்-ஐ முன்கூட்டியே குறைத்துவைத்திருந்தேன். இந்த இடத்தில் பல பேர் மாட்டுவது மெயிலில். நேம்சர்வரையே மாற்றும்போது வெப்சைட்டுக்கான ரெக்கார்டை மட்டும் எழுதிவிட்டு மெயிலுக்கான எம்எக்ஸ், எஸ்பிஎஃப் ரெக்கார்டுகளை விட்டுவிடுவார்கள். சைட் ஜம்மென்று ஓடும், மெயில் மட்டும் வராது. வராத மெயிலை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். பழைய பட்டியலை முழுக்க எழுதி எடுத்துவைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் புதியதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு மாற்றுங்கள்.

இன்னும் பாக்கி இருக்கிறது. பழைய பத்திரிகைகளின் வாசகம் எல்லாம் பாமினி என்ற பழைய ஃபான்டில் அடித்தது, கோரல்டிராவிலிருந்து எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழுகிறது. அதை யூனிகோடுக்கு மாற்றி, தேடினால் கிடைக்கும்படி செய்யணும். ஊர்வாரியாகப் பக்கம் போடலாமா என்றும் யோசனை இருக்கிறது, சங்கரன்கோவில், வள்ளியூர் பக்கம் வேலை கொஞ்சம் சேரட்டும் என்று நிறுத்திவைத்திருக்கிறேன். பழைய ஹோஸ்டிங்கில் முதல் வருஷத்துக்கு ஒரு விலை, புதுப்பிக்கும்போது அதைப் போல மூன்று மடங்கு. டேட்டாபேஸையும் அப்லோட்ஸ் ஃபோல்டரையும் முழுசாக ஒரு நகல் எடுத்துவைத்துவிட்டு ஆட்டோ ரினியூவலை அணைத்துவிட்டேன். டொமைன் மட்டும் இன்னும் அவர்களிடமே இருக்கிறது, காலாவதித் தேதிக்கு முன்னால் வேறு இடத்துக்கு மாற்றணும்.